காப்பாட்சியர் மாறிவிட்டார், சுற்றுலா சீசன் வந்துவிட்டது: தன்னார்வ வழிகாட்டிகள் என்ன செய்வது?

கேட்டவர்: தபால்காரம்மா

வணக்கம். வட மாவட்டம் ஒன்றில் உள்ள சின்ன அருங்காட்சியகத்தில் சில வருடங்களாகத் தன்னார்வ வழிகாட்டியாக இருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்றவள். வரலாறு படித்தவள் இல்லை. நடுகல் மேல் பைத்தியம் பிடித்து அங்கே போய் உட்கார்ந்தவள், அவ்வளவுதான்.

இந்த வருடம் எல்லாம் ஒரே நேரத்தில் மாறிவிட்டது. பழைய காப்பாட்சியர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவருக்குப் பக்கத்து மாவட்ட அருங்காட்சியகமும் கூடுதல் பொறுப்பு, வாரத்தில் பாதி நாள் அங்கேதான் இருக்கிறார். அதோடு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இங்கேயே இருந்த அலுவலக உதவியாளர் ஓய்வுபெற்றார். அவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. வாசலில் ஏஜென்சி அனுப்பும் செக்யூரிட்டி மட்டும். அவரும் அடிக்கடி மாறுகிறார். ஒவ்வொரு புது ஆளும் என்னைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தீங்களாம்மா?" என்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் என் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

காப்பாட்சியர் மாறியதுகூடப் பரவாயில்லை. அந்த உதவியாளர் போனதுதான் எங்களுக்குப் பெரிய அடி. எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு, எந்தப் பள்ளி ஆசிரியர் வரும் முன் போன் செய்வார், மழை பெய்தால் எந்த மூலையில் ஒழுகும் என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்களிடம் வடக்குச் சுவரோரம் ஒரு நடுகல் நிற்கிறது, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து உள்ள கல். காலை பத்து மணிவாக்கில் கிழக்கு ஜன்னலின் ஒரு கதவை மட்டும் பாதி திறந்து வைப்பார். வெயில் பக்கவாட்டில் கல்லை உரசிக்கொண்டு போகும். அதுவரை வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்து வரி வரியாக எழுந்து வரும். பிள்ளைகள் "ஹேய்!" என்று கத்துவார்கள். அப்புறம் நான் ஒன்றும் பேச வேண்டியதே இல்லை, அவர்களே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது அந்த அறைக்குக் கூரையில் எல்இடி பலகைகள் பொருத்தி, தூசு வருகிறது என்று ஜன்னலை அடைத்துவிட்டார்கள். அறை பளிச்சென்று இருக்கிறது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் ஒரு பையன், "எழுத்து எங்க ஆன்ட்டி?" என்று கல்லுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான்.

அடுத்த விஷயம், புதிய காப்பாட்சியர் நான்கு பக்கத்துக்கு டைப் செய்து கொடுத்திருக்கிறார். முப்பது நிமிடம், இதில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். என் நாய்க் கதையை எடுத்துவிட்டார். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல் பலருக்கும் தெரிந்திருக்கும். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்ததைச் சொல்லிவிட்டு, கோவிவன் என்ற நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் பொறித்திருக்கிறார்கள். 7-ஆம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயர் போட்டுக் கல்வெட்டு! ஆறாம் வகுப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? "நம்மிடம் இல்லாத கல்லைப் பற்றி எதற்கு மேடம் பேசுகிறீர்கள்?" என்கிறார்.

இன்னும் கொஞ்ச நாளில் கார்த்திகை பிறக்கிறது. ஐயப்ப சாமிகள், மேல்மருவத்தூர் போகிற செவ்வாடைக்காரர்கள், நடுவே பள்ளிச் சுற்றுலாக்கள், கடைசியாகக் காணும் பொங்கல் கூட்டம். எங்கள் குழுவில் பாதிப் பேர் புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பிள்ளைகள். அவர்கள் அந்த நான்கு பக்கத்தை அப்படியே ஒப்பிக்கிறார்கள். கேட்கவே பாவமாக இருக்கிறது.

புதிய நிர்வாகத்தோடு மல்லுக்கட்டாமல் இந்த சீசனை ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்ன செய்தீர்கள்?

பதில்: பழைய பதிவேடு

அம்மா, நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். பணி ஓய்வுபெற்ற காப்பாட்சியர்.

முதலில் உங்கள் புதியவர் பக்கத்து நியாயம். ஒருவர் பொறுப்பு ஏற்றால் அங்குள்ள ஒவ்வொரு பொருளையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். காசு என்றால் எடை, செப்பேடு என்றால் ஏடுகளின் எண்ணிக்கை, சிலை என்றால் உயரம், எங்கே உடைந்திருக்கிறது என்பது வரை. உங்கள் மாதிரி சின்ன இடத்திலும் காசுகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் இருக்கலாம். 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, நிலத்தில் கிடைக்கும் புதையல் கலெக்டர் வழியாகத்தான் அருங்காட்சியகத்துக்கு வரும். ஒவ்வொன்றுக்கும் கோப்பு உண்டு. ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதையே இரண்டு மாவட்டத்துக்குச் செய்துகொண்டிருக்கிறார் அவர். முதல் சில மாதம் எல்லாரிடமும் சுருக்கமாகத்தான் பேசுவார். உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த நான்கு பக்கத்தை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். இரும்புக் காலத்துக்கு என்ன காலம் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். என் காலத்தில் வழிகாட்டிகள் எல்லாரும் "கி.மு. 1000" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். 2022-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என்று காலக்கணிப்பு வந்தது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்குக் கி.மு. 3345 வரை போகும் முடிவுகளை அரசு வெளியிட்டது. ஒரே முதுமக்கள் தாழியின் முன் நின்று ஒருவர் 3000 வருடம் என்பார், அடுத்தவர் 4000 வருடம் என்பார். கூட வந்த ஆசிரியர் புகார் எழுதுவார். அந்தப் புகார் எங்கே போகும்? காப்பாட்சியர் மேசைக்கு. உரையை எழுதிக் கொடுக்கும் எண்ணம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வரும்.

அதனால் அவரிடம் போய் "எழுதிக் கொடுத்ததை வைத்துப் பேச முடியாது" என்று தொடங்காதீர்கள். "காலம், ஊர், அரசன் பெயர், பதிவு எண், இந்த நாலும் நீங்கள் கொடுத்தபடியே சொல்கிறோம். சொல்லும் விதம் எங்களுடையது" என்று கேளுங்கள். ஒத்துக்கொள்வார். எழுத்தில் கேளுங்கள். அரசு அலுவலகத்தில் வாய்ப்பேச்சு மறுநாள் இருக்காது என்பது தபால் துறையில் இருந்த உங்களுக்குத் தெரியாததா!

இப்போது வெளிச்சம். ஓலைச்சுவடி, துணி, வண்ண ஓவியம் இவற்றுக்குத்தான் ஒளி எதிரி, ஒளி அளவு 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். கல்லுக்கு அந்தக் கவலை கிடையாது. ஆகவே ஜன்னலைத் திறக்கச் சொல்லிப் போராட வேண்டாம். சுவரோரம் கல்லுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு விளக்கு. அது கல்லைப் பார்த்து நிற்காமல், கல்லின் முகத்தை ஒட்டி ஒளி வழுக்கிப் போகிற மாதிரி இருக்க வேண்டும். மேலே அந்த வரிசை எல்இடியை மட்டும் தனி ஸ்விட்சில் மாற்றித் தரச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. அதுவரை கையில் ஒரு டார்ச். நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து, கல்லை ஒட்டிப் பிடியுங்கள். கண் முன்னால் வித்தியாசம் தெரியும்.

சில இடங்களில் எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸோ மாவோ தடவும் வழக்கம் இருந்தது. யாராவது "அந்தக் காலத்துல அப்படித்தான் செய்வோம்" என்று சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள். துகள் கல்லின் நுண்துளைக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பதில் மைப்படி கேளுங்கள், அதாவது கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் எழுத்தின் படி. கல்வெட்டுக்கு எப்போதோ மைப்படி எடுத்திருப்பார்கள். அதன் நகலை அதே அளவில் அச்சிட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் மாட்டினால், கறுப்பில் வெள்ளை எழுத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கல்லில் தேடுவார்கள். பத்து நிமிடம் அசைய மாட்டார்கள்.

பதில்: பொற்காசு

எம்.ஏ. தொல்லியல் முடித்துவிட்டு மூன்று வருடமாக வேலை தேடுகிறேன். கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், மன்னியுங்கள்.

ஓய்வுபெற்றவர்கள் இலவசமாக வந்து நின்று பேசினால் அரசு எதற்கு ஆள் எடுக்கும்? உதவியாளர் போனார், இடம் காலி. வழிகாட்டி இல்லை, தன்னார்வலர் இருக்கிறார். காப்பாட்சியரும் பாதி நாள்தான். எல்லாம் ஓடுகிறதே, பிறகென்ன என்று மேலே இருப்பவர் நினைக்க மாட்டாரா? நீங்கள் கேட்டிருக்கும் எல்லாப் பிரச்சினைக்கும் ஒரே பதில், பணியிடத்தை நிரப்பு. அதைக் கேட்காமல் டார்ச் பிடிப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பதில்: தேக்கா வாசி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்கு வந்திருக்கிறீர்களா? அதன் காட்சிக்கூடத்தில் 19-ஆம் நூற்றாண்டுச் செட்டிநாட்டு வாசற்கால் ஒன்று இருக்கிறது. மரத்தில் அவ்வளவு நுணுக்கமான வேலை. ஒரு குழுவை அதன் முன் நிறுத்திவிட்டால் நகர்த்துவதே பெரும்பாடு. இங்கே அருங்காட்சியக வழிகாட்டிகளில் தன்னார்வலர்கள் நிறைய. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் த மியூசியம்ஸ் என்ற அமைப்பு 1978-லிருந்தே இருக்கிறது. அதனால் ஆள் மாறுவது, கண்காட்சி மாறுவது எல்லாம் எங்களுக்கு வழக்கமான விஷயம்.

நான் பழகிய முறை இது. யாரும் மனப்பாடத்துக்கு உரை தரமாட்டார்கள். பொருள் பட்டியலும் தகவலும் தருவார்கள், சுற்றை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதை ஒருவர் படித்துத் தவறு திருத்துவார். பிறகு ஒத்திகைச் சுற்று, சக வழிகாட்டிகளே பார்வையாளர்கள். அதில் தாண்டினால்தான் கூட்டத்தின் முன் விடுவார்கள். புதியவர் முதலில் பழையவருக்குப் பின்னால் நடப்பார். அப்புறம் புதியவர் பேசப் பழையவர் பின்னால் நடப்பார். இந்த இரண்டாவது நடைதான் முக்கியம், நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கல்லூரிப் பிள்ளைகளை ஒப்பிக்க விடாதீர்கள் அக்கா. ஆளுக்கு ஒரே ஒரு பொருளைக் கொடுங்கள். அதைப் பற்றி ஐந்து நிமிடம் சொந்த வார்த்தையில் பேசட்டும். அது வந்துவிட்டால் அடுத்தது.

பொற்காசு தம்பி சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. இங்கே எங்களுக்கு மேலே சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் உண்டு. அது இல்லாத இடத்தில் தன்னார்வலர் தலையில் விழும் சுமை வேறு மாதிரி.

பதில்: எட்டு பி வகுப்பாசிரியர்

நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் ஆள். நாங்கள் என்ன நினைக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்களுக்கு வேண்டியது கழிப்பறை. மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த பிள்ளைகளை நிற்கவைத்துப் பல்லவர் வரலாறு தொடங்கினால் ஒருத்தர் காதிலும் விழாது. அடுத்து, சாப்பிட ஒரு நிழல். அது இருக்கிறதா இல்லையா என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வேறு ஏற்பாடு செய்துகொள்வோம்.

ஒரு பஸ் பிள்ளைகளை ஒரே அறைக்குள் விடாதீர்கள். பின்வரிசைக்குக் கல்லும் தெரியாது, உங்கள் குரலும் கேட்காது. அவர்கள் பஞ்சடைத்து வைத்திருக்கும் முதலையைத் தேடிப் போய்விடுவார்கள். இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தாழிக்கும் ஒரு பாதியை நடுகல்லுக்கும் அனுப்புங்கள். எங்கள் பிள்ளைகள் கேட்கப்போவது மூன்றே கேள்வி: இது ஒரிஜினலா, இது என்ன விலை போகும், தாழிக்குள்ள எலும்பு இருக்கா. மூன்றுக்கும் சிரிக்காமல் பதில் சொன்னால் பாதி வெற்றி.

நாய்க் கதையை விடாதீர்கள் மேடம். உங்களிடம் உள்ள கல்லில் வீரன் இருப்பான், வில் இருக்கும், உடம்பில் அம்பு தைத்திருக்கும். அதை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, "இதே மாதிரி இன்னொரு ஊரில்" என்று ஒரு நிமிடம். அதற்கு எந்த அதிகாரியும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பதில்: தபால்காரம்மா

எல்லாருக்கும் நன்றி. தாமதமாக வருகிறேன், நடுவில் நிறைய நடந்துவிட்டது.

முதலில் பொற்காசுக்கு. தம்பி, நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது. என் மகளும் படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தவள்தான். நான் வராமல் நின்றால் அந்த இடத்துக்கு ஒருவரைப் போடுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் நாளைக்கே நின்றுவிடுவேன். உதவியாளர் பணியிடத்தை நிரப்பச் சொல்லித் தன்னார்வலர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு ஒன்று அனுப்பியிருக்கிறோம். வழிகாட்டிப் பணியிடம் வேண்டும் என்றும் அதிலேயே சேர்த்திருக்கிறோம். தொல்லியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று என் கையால் எழுதிச் சேர்த்தேன். மற்றதை அலுவலகம்தான் பார்க்க வேண்டும். அதுவரை வருகிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது. இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை.

பழைய பதிவேடு ஐயா, நீங்கள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். காப்பாட்சியர் படித்துவிட்டு முதல்முறையாக உட்காரச் சொன்னார். அவர் மேசையில் காசுகளைக் காகித உறையில் போட்டு எண் எழுதி வரிசையாக வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் தபால் சார்ட்டிங் மேசை இருக்குமே, அந்த மாதிரி. எடை போடுவதற்கு நான் உதவட்டுமா என்று கேட்டேன். "அதுக்கு அனுமதி இல்ல மேடம், ஆனா கேட்டதுக்கு நன்றி" என்றார். காலமும் அரசன் பெயரும் அவர் கொடுத்தபடி, மற்றது எங்கள் பாடு என்று ஒத்துக்கொண்டார். நாய்க்கு ஒரு நிமிடம் அனுமதி கிடைத்தது. அவருக்கே அந்தக் கல் பிடிக்கும் போலிருக்கிறது, "பொறிச்சவன் பெரிய மனசுக்காரன்" என்றார்.

அவருடைய நான்கு பக்கத்தை நீங்கள் சொன்ன கண்ணோட்டத்தில் மறுபடி படித்தேன். இரும்புக் காலம் பற்றிய பத்தி நன்றாகவே இருக்கிறது. மயிலாடும்பாறை எங்கள் பக்கத்து மாவட்டம்தானே, அதைத் தாழிக்கு முன்னால் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். "எங்க மாமா ஊரு ஆன்ட்டி" என்று ஒருத்தி கை தூக்கினாள்.

வெளிச்சம்: ஸ்விட்ச் மாற்றுவதற்கு மதிப்பீடு போட வேண்டுமாம், அது நடக்கிறபோது நடக்கட்டும். டார்ச் வைத்துப் பார்த்தோம். மேலே விளக்கு எரியும்போது பலவீனமாகத்தான் தெரிகிறது. மெயின் அணைத்தால் அறையே இருட்டு. கடைசியில் எங்கள் குழுவில் உள்ள ஒரு பெண் கறுப்புக் குடை ஒன்றைக் கொண்டுவந்து கல்லுக்கு மேலே பிடித்தாள். மேல் வெளிச்சம் மறைந்ததும் டார்ச் வெளிச்சத்தில் எழுத்து அப்படியே வந்தது. "கோவிசைய" என்று தொடங்கும் முதல் வரியைக் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேரும் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். செக்யூரிட்டி உள்ளே எட்டிப் பார்த்து, மழை ஒழுகுகிறதா என்று கேட்டார். அவருக்கும் காட்டினோம். அவர் ஊர் எல்லையிலும் இந்த மாதிரி ஒரு கல் இருக்கிறதாம், வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்களாம். எந்த ஊர் என்று காப்பாட்சியர் குறித்துக்கொண்டார். இப்போது அந்தச் செக்யூரிட்டி என்னிடம் டிக்கெட் கேட்பதில்லை. அடுத்த மாதம் அவரையும் மாற்றிவிடுவார்கள் என்பது வேறு விஷயம். அதனால் எங்கள் எல்லாருடைய பெயரையும் போட்டோவோடு ஒரு தாளில் அச்சிட்டு, காப்பாட்சியர் கையெழுத்து வாங்கி, டிக்கெட் கவுன்டர் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டியாகிவிட்டது.

மைப்படி இருக்கிறது! அலமாரிக்கு மேலே சுருட்டி வைத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற நம் உதவியாளருக்கு போன் போட்டுக் கேட்டதில் நொடியில் இடத்தைச் சொல்லிவிட்டார். அவரிடம் இப்படிக் கேட்க வேண்டியதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுக்கொள்வதாக ஏற்பாடு. ஸ்விட்ச் விவரத்துக்கு மட்டுமே ஒரு பக்கம் போகும்.

தேக்கா வாசி சொன்ன ஆளுக்கொரு பொருள் முறை நன்றாக வேலை செய்கிறது. ஒரு பையன் புலிகுத்திக் கல்லை எடுத்துக்கொண்டான். புலியின் வாய்க்குள் வீரனின் கை எப்படிப் போயிருக்கிறது என்று அவனே நடித்துக் காட்டுகிறான். கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் கூட்டம் நகர மாட்டேன் என்கிறது.

டீச்சர், உங்கள் பதிலை அச்சிட்டுக் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். கழிப்பறை ஒன்று பூட்டியே கிடக்கிறது, அதைத் திறக்கக் கேட்டிருக்கிறேன். நிழலுக்குப் பின்பக்கம் வேப்பமரம் உண்டு.

இன்னும் ஒன்று தெரியவில்லை. ஐயப்ப சாமிகள் வந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள், டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார். காலில் செருப்பும் இருக்காது, மதியத்தில் வெளிமுற்றத்துக் கற்களைக் காட்ட அவர்களை வெயிலில் நிறுத்த முடியாது. உள்ளே மட்டும் இருபது நிமிடச் சுற்று என்றால் தாழி, நடுகல், செப்பேடு, காசு இந்த நான்கில் எதை விடுவீர்கள்? காசை விடலாம் என்று நான் நினைக்கிறேன். குழுவில் இரண்டு பேர் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: பழைய பதிவேடு

செப்பேட்டை விடுங்கள் அம்மா. கண்ணாடிக்குள் இருப்பதை நின்று படிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது. காசு இருக்கட்டும், எல்லாரும் அரை நிமிடமாவது குனிந்து பார்ப்பார்கள். வெளிமுற்றத்துக்கு ஒரு தேங்காய் நார் மிதியடிப் பாதை போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், செலவு அதிகம் ஆகாது. அந்த வேடியப்பன் கல் எந்த ஊர் என்று எனக்கும் தனியாக எழுதுங்கள்.